காப்பிக் கடை நாற்காலி எங்கிருந்து வந்தது? கடனில் மூழ்கி, உலகை உட்கார வைத்த மைக்கேல் டோனெட்டின் கதை

வடிவமைப்பு அரும்பொருளகங்களில் ஒரு வேடிக்கை உண்டு. உட்காருவதற்காகவே செய்த பொருளை அங்கே மேடையில் ஏற்றி வைத்திருப்பார்கள். ஆனால் யாரும் அதில் உட்காரக் கூடாது!

ஜெர்மனியின் வைல் ஆம் ரைன் நகரில் விட்ரா வடிவமைப்பு அரும்பொருளகம் இருக்கிறது. புகழ்பெற்ற நவீன நாற்காலிகளை அங்கே பார்க்கலாம். எஃகுக் குழாயை வளைத்துச் செய்தவை, பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்தவை, ஒட்டுப்பலகையை அழுத்தி வடித்தவை எனப் பல வகை. சில நாற்காலிகளைப் பார்த்தால் விண்வெளியிலிருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கும்.

அவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் உங்களுக்கு ரொம்பப் பழக்கமானதாகத் தெரியும். வளைந்த மரக் கால்கள். வட்டமான இருக்கை. முதுகுக்குப் பின்னால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளைவுகள். அட, இது நம்ம காப்பிக் கடை நாற்காலி ஆச்சே என்று தோன்றும்.

அப்படித் தோன்றுவதில் தப்பே இல்லை. சிங்கப்பூர், மலேசியாவின் பழைய காப்பிக் கடைகளில் பளிங்கு மேசையைச் சுற்றி நிற்கும் வளைமர நாற்காலிகள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அந்தக் குடும்பத்தின் மிகப் புகழ்பெற்ற உறுப்பினருக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. வெறும் எண்தான். எண் 14.

அதை உலகுக்குத் தந்தவர் மைக்கேல் டோனெட். அவர் கல்லூரியில் படித்த வடிவமைப்பாளர் இல்லை. கட்டடக் கலைஞரும் இல்லை. ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் தச்சர். நாற்பதுகளின் நடுவில் கடனுக்காகச் சொத்தை இழந்தவர். 60 வயதைத் தாண்டிய பிறகுதான் அவருடைய மிகப் பெரிய வெற்றி வந்தது.

அவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தோல் பதனிடுபவரின் மகன்

டோனெட் 1796ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் போப்பார்ட் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது ஜெர்மனியில் இருக்கிறது. அவர் பிறந்தபோது அந்த வட்டாரம் பிரெஞ்சுப் படைகளின் பிடியில் இருந்தது. 1815இல் பிரஷ்யாவின் கைக்குப் போனது. இருந்த இடத்திலேயே இருந்தும், அந்த ஊர்க்காரர்களுக்கு நாடு மாறிக்கொண்டே இருந்தது.

அப்பா தோல் பதனிடும் தொழிலாளி. மகன் தச்சுத் தொழிலுக்குப் பழகப் போனார். 1819இல், 23 வயதில், சொந்தமாகப் பட்டறை தொடங்கினார். மறு ஆண்டே திருமணம். மனைவி பெயர் அன்னா மரியா. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் 13 பேர். அந்தக் காலத்தில் குழந்தைகளைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இந்தக் குடும்பமே சாட்சி. பிறந்த ஏழு மகன்களில் ஐந்து பேர்தான் பெரியவர்களானார்கள். அந்த ஐந்து பேரும் பிறகு இந்தக் கதையில் முக்கியமான ஆட்களாக வரப்போகிறார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போப்பார்ட்டில் டோனெட்டுக்கு நல்ல தச்சர் என்ற பெயர் இருந்தது. மேசை, நாற்காலி, அலமாரி என்று ஊருக்கு வேண்டியதைச் செய்து கொடுத்துக்கொண்டு, நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி அவரை விடவில்லை.

மரத்தை வெட்டாமல் வளைக்க முடியுமா?

அந்தக் காலத்தில் வளைந்த கால் வைத்த நாற்காலி என்றாலே பணக்காரர் வீட்டுப் பொருள். ஏன் தெரியுமா?

வளைந்த கால் ஒன்று வேண்டுமென்றால், தச்சர் பெரிய மரத்துண்டு ஒன்றை எடுத்து அதிலிருந்து அந்த வளைவைச் செதுக்கி எடுக்க வேண்டும். நிறைய மரம் வீணாகும். நேரமும் கூலியும் அதிகம். இன்னொரு பிரச்சினையும் உண்டு. மரத்தின் நார்கள் நேராக ஓடும். வளைவாகச் செதுக்கும்போது அந்த நார்கள் நடுவில் அறுபடும். அறுபட்ட இடம் பலவீனமாகிவிடும். உடைந்துவிடாமல் இருக்கக் காலைத் தடிமனாக வைக்க வேண்டும். அதனால் நாற்காலியும் கனக்கும்.

சரி, செதுக்காமல் மரத்தையே வளைத்துவிட்டால்? நார் முழுசாக இருக்கும். மரம் வீணாகாது. மெல்லியதாகச் செய்தாலும் தாங்கும்.

1830களில் டோனெட் இந்தச் சோதனையில் இறங்கினார். மரத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவினார். அந்தப் பட்டைகளைச் சூடான பசையில் ஊற வைத்து, அடுக்கடுக்காகச் சேர்த்து, வளைந்த அச்சில் இறுக்கிக் காயவிட்டார். காய்ந்ததும் அந்த அடுக்கு அச்சின் வளைவை அப்படியே பிடித்துக்கொண்டது. இன்று நாம் ஒட்டுப்பலகை என்று சொல்லும் பொருளுக்கு இது நெருங்கிய சொந்தம்.

அந்தப் பசை விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சுவது. நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்வார்களே, அதே வகை. 1836 வாக்கில் இந்த முறையில் முழு நாற்காலியையே செய்துவிட்டார். அடுத்த ஆண்டு, பசை தயாரிக்கும் ஆலை ஒன்றையும் வாங்கினார். ஊர்த் தச்சர் ஒருவர் தனக்கு வேண்டிய மூலப்பொருளுக்காக ஆலையே வாங்குகிறார் என்றால், இது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது புரிகிறது, இல்லையா?

காப்புரிமை கேட்டுப் போன இடத்தில் கடன்

நல்ல யோசனை இருந்தால் போதாது. அதை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளாமல் காப்பாற்றவும் வேண்டும். டோனெட் காப்புரிமை கேட்டு பிரஷ்ய அரசிடம் போனார். கிடைக்கவில்லை. மற்ற நாடுகளில் உரிமை பெற எடுத்த முயற்சிகளும் கைகொடுக்கவில்லை. அவை பணத்தை மட்டும் விழுங்கின.

சொந்தப் பணம் போனது. கடன் வாங்கிய பணமும் போனது. கடன் கொடுத்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு திருப்பம். 1841இல் பக்கத்து நகரமான கோப்லென்ஸில் நடந்த கண்காட்சியில் டோனெட் தன் பொருள்களை வைத்திருந்தார். அங்கே அவற்றைப் பார்த்தவர் சாதாரண ஆள் இல்லை. இளவரசர் மெட்டர்னிக். ஆஸ்திரியப் பேரரசின் அதிபர் பதவியில் இருந்தவர். அன்றைய ஐரோப்பிய அரசியலையே ஆட்டிவைத்தவர்களில் ஒருவர். அவரும் கோப்லென்ஸில் பிறந்தவர்தான். போப்பார்ட்டில் இருந்தால் நீங்கள் ஏழையாகவே இருப்பீர்கள், வியன்னாவுக்கு வாருங்கள் என்ற பொருள்பட அவர் டோனெட்டுக்கு யோசனை சொன்னதாக வரலாறு சொல்கிறது.

1842இல் டோனெட் வியன்னாவுக்குப் போனார். ஒரு பக்கம் வெற்றி. அந்த ஆண்டு ஜூலையில், எந்த வகை மரத்தையும், எளிதில் முறியும் மரத்தைக்கூட, வேண்டிய வடிவத்துக்கு வளைக்கும் உரிமையை ஆஸ்திரிய அரசு அவருக்குக் கொடுத்தது.

மறுபக்கம் பேரிடி. அவர் ஊரில் இல்லாத நேரத்தில், கடன் கொடுத்தவர்கள் போப்பார்ட்டில் இருந்த அவருடைய சொத்தைப் பறிமுதல் செய்ய வைத்தார்கள். பட்டறையும் போனது. மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். பிறகு குடும்பம் மொத்தமும் வியன்னாவுக்குக் கிளம்பி வந்தது.

அப்போது டோனெட்டுக்கு 46 வயது. கையில் காப்புரிமைப் பத்திரம் இருந்தது. சொந்தமாகப் பட்டறை இல்லை. முதலீடு இல்லை.

முதலாளியாக இருந்தவர் கூலிக்குப் போனார்

வியன்னாவில் டோனெட்டும் பிள்ளைகளும் மற்றவர்களின் பட்டறைகளில் வேலை செய்து பிழைத்தார்கள். கார்ல் லைஸ்ட்லர் என்ற பெரிய அறைகலன் தயாரிப்பாளர், லீக்டன்ஸ்டைன் அரச குடும்பத்தின் மாளிகையைப் புதுப்பிக்கும் வேலையை எடுத்திருந்தார். அந்த மாளிகைக்காக டோனெட் குடும்பம் தரை வேலைப்பாடுகளையும் மிக மெல்லிய, எடை குறைந்த நாற்காலிகளையும் செய்தது.

ஆண்டுகள் ஓடின. 1848இல் ஐரோப்பா முழுவதும் புரட்சி வெடித்தது. வியன்னாவிலும்தான். மெட்டர்னிக் பதவி விலகி நாட்டைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. டோனெட்டை வியன்னாவுக்கு அழைத்து வந்த பெரிய கை இல்லாமல் போனது.

ஆனால் டோனெட் அசரவில்லை. மறு ஆண்டே, 1849இல், தன் பிள்ளைகளோடு மீண்டும் சொந்தப் பட்டறை தொடங்கினார். வயது 53.

இந்த முறை அவர் அரண்மனைகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. வியன்னாவில் காப்பிக் கடைகள் பெருகி வந்த காலம் அது. காஃபே டௌம் என்ற பிரபலமான காப்பிக் கடை அவரிடம் நாற்காலிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. பிறகு ஹங்கேரியின் பெஸ்ட் நகர ஹோட்டல் ஒன்று 400 நாற்காலிகள் கேட்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காப்பிக் கடைக்காரருக்கு எப்படிப்பட்ட நாற்காலி வேண்டும்? எடை குறைவாக இருக்க வேண்டும். காலையும் மாலையும் தூக்கி நகர்த்த வேண்டுமே. நாள் முழுக்க ஆட்கள் மாறி மாறி உட்கார்ந்தாலும் ஆடக் கூடாது. பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும். முக்கியமாக, விலை கட்டுப்படியாக வேண்டும். ஏனென்றால் ஒன்று இரண்டு இல்லை, ஐம்பது நூறு வாங்க வேண்டும்.

அரண்மனைக்குச் செய்யும் ஒற்றை நாற்காலியில் கிடைக்காத பாடம் இந்த வாடிக்கையாளர்களிடம் கிடைத்தது.

ஈரக் காற்று கற்றுக்கொடுத்த பாடம்

1851இல் லண்டனில் உலகக் கண்காட்சி நடந்தது. டோனெட்டின் வளைமரப் பொருள்களுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. 1855இல் பாரிஸில் வெள்ளி. இடையில், 1853இல், நிறுவனத்தை ஐந்து மகன்களின் பெயருக்கு மாற்றினார். அதற்கு கெப்ரூடர் டோனெட் என்று பெயர். டோனெட் சகோதரர்கள் என்று பொருள். பெயர் பிள்ளைகளுடையது, ஆனால் பட்டறையில் அப்பாவின் கை ஓயவில்லை.

கடல் கடந்தும் ஆர்டர்கள் வரத் தொடங்கின. அங்கேதான் சிக்கல். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளுக்குப் போன நாற்காலிகளில் பசை இளகியது. அடுக்குகள் பிரிந்தன.

நம் ஊர் வெயிலையும் மழையையும் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அலமாரிக் கதவு உப்பிக்கொள்வதை நாம் பார்க்காததா?

ஆக, பசையை நம்பினால் உலகம் முழுக்க விற்க முடியாது. அடுக்கே இல்லாமல், முழு மரக்கம்பையே வளைக்க வேண்டும். இதுதான் உண்மையிலேயே கடினமான பகுதி.

மரக்கம்பு ஒன்றை வளைத்தால் என்ன ஆகும்? உள்பக்கம் சுருங்கும். வெளிப்பக்கம் இழுபடும். மரத்தை நீராவியில் நன்றாக வேகவைத்தால் அது மென்மையாகும். அப்போது அதைச் சுருக்குவது சுலபம். ஆனால் இழுப்பதற்கு மட்டும் அது இடம் கொடுக்காது. ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் நீட்டினால் வெளிப்பக்க நார்கள் பிய்ந்துவிடும். படக்கென்று வெடிக்கும்.

இதற்கு டோனெட் கண்டுபிடித்த தீர்வு, கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். வளைக்கப்போகும் கம்பின் வெளிப்பக்கத்தில் ஓர் இரும்புத் தகட்டுப் பட்டையை வைத்து, இரண்டு முனைகளிலும் இறுக்கிப் பிடித்துவிட்டார். இரும்புப் பட்டை நீளாது. அதனால் அதோடு ஒட்டியிருக்கும் மரமும் நீள முடியாது. வளைக்கும்போது மரத்துக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கும்: சுருங்குவது. சுருங்குவதில்தான் அது கெட்டி ஆயிற்றே!

வேகவைத்த பீச் மரக்கம்பை இரும்புப் பட்டையோடு சேர்த்து, இரும்பு அச்சில் வளைத்துக் கட்டுவார்கள். அப்படியே உலர்த்தும் அறையில் வைப்பார்கள். காய்ந்த பிறகு அச்சைக் கழற்றினால் வளைவு நிரந்தரமாக நிற்கும். பசை தேவையில்லை. பிரிவதற்கு அடுக்கும் இல்லை.

1856இல் இந்த முறைக்கும் காப்புரிமை கிடைத்தது. 13 ஆண்டுகளுக்கு.

காட்டுக்குப் பக்கத்தில் தொழிற்சாலை

அடுத்த முடிவும் முக்கியமானது. டோனெட் தொழிற்சாலையை வியன்னாவில் கட்டவில்லை. மொராவியாவில், இன்றைய செக் குடியரசில், கொரிச்சானி என்ற ஊரில் கட்டினார். ஏனென்றால் அங்கேதான் பீச் மரக் காடுகள் இருந்தன. மரத்தை நகரத்துக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக, வேலையைக் காட்டுக்குக் கொண்டுபோனார். கூலியும் அங்கே குறைவு.

தொழிற்சாலைக்குள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒருவர் மரத்தை அறுப்பார். ஒருவர் கடைசல் இயந்திரத்தில் கம்பை உருட்டி எடுப்பார். பலசாலிகள் சேர்ந்து வளைப்பார்கள். மரம் ஆறுவதற்குள் வளைத்தாக வேண்டும், தாமதித்தால் கம்பு வீண். தேய்த்து மெருகேற்றுவது, இருக்கை பின்னுவது போன்ற வேலைகளில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். போப்பார்ட்டில் டோனெட் எப்படிப்பட்ட தச்சராக இருந்தார்? மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கடைசி மெருகு வரை எல்லாம் தெரிந்தவர். கொரிச்சானியில் அவர் உருவாக்கிய முறைக்கு அப்படிப்பட்ட தச்சர் தேவையே இல்லை. தச்சு தெரியாத கிராமத்து ஆட்களைக்கூடச் சில காலம் பழக்கினால் போதும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

இதனால் விவசாயத்தை மட்டும் நம்பியிருந்த கிராமங்களுக்கு மாதா மாதம் வருமானம் வந்தது. நாற்காலி விலையும் குறைந்தது. ஆனால் முழு நாற்காலியையும் தன் கையால் செய்தேன் என்று சொல்லும் பெருமை அந்தத் தொழிலாளிகளில் யாருக்கும் இல்லை. கைத்தொழிலில் தேர்ந்த ஒருவர், தன்னைப் போன்றவர்கள் தேவைப்படாத ஒரு தொழிலை உண்டாக்கினார். நாற்காலியின் அழகைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

எண் 14: ஆறு துண்டு, பத்துத் திருகாணி

1859இல் வந்தது எண் 14.

மொத்தம் ஆறு மரத்துண்டுகள். முதுகும் பின்கால்கள் இரண்டும் சேர்ந்து ஒரே நீளக் கம்பு. முதுகுக்குள் சின்ன வளைவு ஒன்று. இருக்கைக்கு ஒரு வளையம். முன்கால்கள் இரண்டு. கால்களை இணைத்துப் பிடிக்கக் கீழே இன்னொரு வளையம். இவற்றை இணைக்கப் பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள். அவ்வளவுதான்.

இந்த வடிவமும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் வந்தவற்றில் இன்னும் ஒட்டிய அடுக்குகள் இருந்தன. சில ஆண்டுகளில் முழு மரமாக மாறியது. கீழே இருக்கும் வளையம் 1860களின் பிற்பகுதியில்தான் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் நாற்காலி இன்னும் எளிமையானது, இன்னும் உறுதியானது.

பசைக்குப் பதில் திருகாணி என்பதால் நாற்காலியைக் கழற்ற முடியும். கழற்ற முடிந்தால் அடுக்கி அனுப்ப முடியும். ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளைத் துண்டுகளாக அடுக்கலாம்! கப்பலில் போய்ச் சேர்ந்ததும் அங்கேயே பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஈக்கியாவில் பெட்டி வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து திருகாணி முடுக்கியிருக்கிறீர்களா? அந்த யோசனைக்கு இப்போது 150 வயதுக்கு மேல் ஆகிறது.

நாற்காலிகளுக்குப் பெயர் வைக்காமல் எண் கொடுத்ததிலும் ஒரு வசதி. எந்த மொழி பேசும் ஊரிலிருந்தும், பட்டியலில் படத்தைப் பார்த்து, எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுக்கலாம்.

இன்னொரு விஷயம். எண் 14இன் இருக்கையில் பிரம்பு பின்னியிருக்கும். காற்றோட்டமாக இருக்கும், எடையும் குறையும். இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. பிரம்பு ஐரோப்பாவில் விளைவதில்லை. தென்கிழக்காசியக் காடுகள்தான் அதன் தாய்வீடு. 19ஆம் நூற்றாண்டில் பிரம்பு வணிகத்தின் முக்கியத் துறைமுகங்களில் ஒன்று சிங்கப்பூர். வியன்னாவின் காப்பிக் கடையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தவர்களைத் தாங்கிய பிரம்புக்குப் பின்னால், நம் வட்டாரக் காடுகளில் கொடி அறுத்தவர்களின் உழைப்பும் இருந்தது.

காப்புரிமை முடிந்தது, கதை முடியவில்லை

எண் 14 வந்த பிறகு வளர்ச்சி வேகமெடுத்தது. 1860இல் வளைமர ஆடும் நாற்காலி வந்தது. 1860களிலேயே மொராவியாவின் பிஸ்த்ரித்செ, வ்செட்டின் ஊர்களிலும் ஹங்கேரியிலும் புதிய தொழிற்சாலைகள் எழுந்தன. 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று 16 ஆண்டுகளில் படி ஏறிவிட்டார்.

1869இல் காப்புரிமை முடிவுக்கு வந்தது. உடனே போட்டியாளர்கள் களத்தில் குதித்தார்கள். யாக்கோப் அண்டு யோசெஃப் கோன் நிறுவனம் அவர்களில் மிகப் பெரியது. எண் 14ஐப் போலவே இருக்கும் நாற்காலிகள் பல தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரத் தொடங்கின.

காப்புரிமைக்காகச் சொத்தையே இழந்தவர் டோனெட். அந்த உரிமை போனதும் அவருடைய நிறுவனம் சாய்ந்திருக்க வேண்டும். சாயவில்லை. ஏனென்றால் அதற்குள் காடு, தொழிற்சாலை, பழகிய கைகள், கப்பல் வழி, பல நகரங்களில் விற்பனைக் கடைகள் எல்லாம் சேர்ந்து ஒரு முழுச் சங்கிலி உருவாகியிருந்தது. நாற்காலியின் வடிவத்தைப் பார்த்துச் செய்துவிடலாம். அந்தச் சங்கிலியை அப்படிச் செய்துவிட முடியாது.

1871ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி, 74 வயதில், மைக்கேல் டோனெட் வியன்னாவில் காலமானார். ஐந்து மகன்களும் தொழிலைத் தொடர்ந்தார்கள். 1930க்குள் எண் 14 மட்டும் சுமார் 5 கோடி விற்றிருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. போட்டியாளர்கள் செய்தவை இந்தக் கணக்கில் இல்லை.

உலகப் போர்கள் நிறுவனத்தைப் புரட்டிப் போட்டன. ஆஸ்திரியப் பேரரசு சிதறியது. பழைய போட்டியாளரான கோனும் டோனெட்டும் ஒரே குழுமத்தில் சேர நேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்த தொழிற்சாலைகள் அரசுடைமையாயின. ஆனாலும் வளைப்பது நிற்கவில்லை. பிஸ்த்ரித்செயில் இன்றும் வளைமர நாற்காலிகள் தயாராகின்றன. ஜெர்மனியின் ஃபிராங்கன்பெர்க் நகரில் டோனெட் பெயரிலேயே இயங்கும் நிறுவனம் எண் 14ஐ இன்றும் செய்கிறது. இப்போது அதன் எண் 214.

அப்படியென்றால் நம் காப்பிக் கடைகளில் இருப்பவை? அவற்றில் பலவற்றுக்கு டோனெட் பெயரோடு நேரடித் தொடர்பு இல்லை. பழைய நாற்காலி ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், இருக்கையின் அடியில் போலந்து என்றோ செக்கோஸ்லோவாக்கியா என்றோ முத்திரை இருக்கலாம். பிரம்புக்குப் பதில் பலகை இருக்கை போட்டவையும் நிறைய. ஆனால் வளைத்த விதம் ஒன்றுதான். நீராவி, இரும்புப் பட்டை, அச்சு.

அரும்பொருளகம் ஏன் இதைப் பாதுகாக்கிறது?

நியாயமான கேள்வி. கோடிக்கணக்கில் இருக்கும் ஒரு பொருளை எதற்குக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும்?

காரணம், இதற்குப் பிறகு வந்த பல நாற்காலிகள் இதனிடம் பாடம் படித்தவை. 1925இல் பாரிஸ் கண்காட்சியில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே ஒரு நவீன வீட்டை அமைத்துக் காட்டினார். புதுமையின் உச்சமாக இருந்த அந்த வீட்டுக்குள் அவர் போட்டது டோனெட்டின் பழைய வளைமர நாற்காலிகளைத்தான். மார்செல் புரோயர் எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்தபோது, அவற்றைப் பெருமளவில் தயாரித்து விற்ற நிறுவனங்களில் ஒன்றும் டோனெட்தான். மரத்தை வளைத்தவர்களுக்கு எஃகை வளைப்பது அந்நியமான வேலையாக இருக்கவில்லை.

வியன்னாவின் மாக் அரும்பொருளகம் இந்த நாற்காலிகளை வித்தியாசமாகக் காட்டுகிறது. நீளமான நடைபாதையின் இரு பக்கமும் வெள்ளைத் திரைகள். திரைகளுக்குப் பின்னால் நாற்காலிகள். விளக்கொளியில் அவற்றின் நிழல்கள் மட்டும் திரையில் விழும். மரத்தின் நிறமோ மெருகோ தெரியாது. கோடுகள் மட்டும்தான் தெரியும். ஆனாலும் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். வேறு எத்தனை நாற்காலிகளை இப்படி நிழலை வைத்தே கண்டுபிடிக்க முடியும்?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அழகான பொருள் என்றால் விலை அதிகமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பை இந்த நாற்காலி உடைத்தது. அரண்மனைக்கு மட்டும் என்றிருந்த வளைவு, காப்பி குடிக்க வந்த குமாஸ்தாவுக்கும் கிடைத்தது. அலங்காரம் எதுவும் ஒட்டவில்லை. வேண்டாததை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிஞ்சியதையே அழகாக வைத்தார்கள். நவீன வடிவமைப்பு என்ற சொல் பிரபலமாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து காட்டியவர், கடனில் ஊரைவிட்டுப் போன ஒரு தச்சர்.

நீங்கள் வடிவமைப்போ பொறியியலோ படிப்பவராக இருந்தால், டோனெட்டின் வாழ்க்கையில் பார்க்க வேண்டியது அந்த 1859ஆம் ஆண்டை மட்டும் இல்லை. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளை. பசை பிரிந்தது, காப்புரிமை மறுக்கப்பட்டது, சொத்து போனது, கூலி வேலைக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வந்தது அதே கேள்விக்குத்தான்: மரத்தை எப்படி வளைப்பது? இரும்புப் பட்டை என்ற எளிய விடை கிடைக்க அவ்வளவு காலம் பிடித்தது.